பழைய டாடா லாரிக்குப் புதிய சைலன்சர் குழாய்: எங்கே இறுக்குவது, எங்கே அசையவிடுவது?

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

வணக்கம். எங்கள் குடும்பத்தில் மூக்கு நீண்ட பழைய டாடா லாரி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இருப்பது டர்போ இல்லாத 697 வகை ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். கொல்லிமலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கை ராசிபுரம் பக்கத்துச் சேகோ ஆலைகளுக்கு இறக்குவதே அதன் முக்கிய வேலை என்பதால், எக்ஸாஸ்ட் பிரேக் (புகைக்குழாயை ஒரு வால்வால் அடைத்து, எஞ்சினைக் கொண்டே வண்டியின் வேகத்தைத் தடுக்கும் அமைப்பு) இல்லாமல் அதை மலைப்பாதையில் இறக்க நாங்கள் துணிவதில்லை.

சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே, எக்ஸாஸ்ட் பிரேக் வால்வைத் தாண்டிக் குழாய் பின்பக்கம் திரும்பும் வளைவில், ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் விரிசல் விடுகிறது. ஒவ்வொரு முறையும் அதன் மேலேயே வெல்டிங் வைத்துவைத்து இப்போது அந்த இடம் முழுவதும் கட்டி கட்டியாக நிற்கிறது. இதற்கிடையில் சேசிஸின் வலப்பக்கம் பெரிய டீசல் டேங்க் ஒன்றைப் பொருத்திவிட்டதால், பழைய சைலன்சர் இருந்த இடமும் போய்விட்டது. ஆகவே மேனிஃபோல்டு ஃபிளேஞ்சிலிருந்து (போல்ட்டு போட்டு இணைக்கும் தகடு) வால் குழாய் வரை முழுவதையும் புதிதாகச் செய்துவிடலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஒருவர் 4 அங்குலக் குழாய் போடச் சொல்கிறார், இன்னொருவர் ஸ்டெயின்லெஸ்தான் நிற்கும் என்கிறார், மூன்றாமவர் ஆர்கான் வெல்டிங் செய்தால் விரிசலே வராது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சங்ககிரி வெல்டர் எழுதியது:

தம்பி, குழாயின் அளவையும் உலோகத்தையும் பிறகு பேசுவோம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விரிசல் விடுகிறது என்றால் குற்றம் அந்த வெல்டிங்கில் மட்டும் இருக்க வாய்ப்பில்லை. அந்த வகை எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மீது உட்கார்ந்திருக்கிறது. கிளட்சை விடும்போதும், எஞ்சினை நிறுத்தும்போதும், ஐட்லிங்கில் குலுங்கும்போதும் அது பக்கவாட்டில் நன்றாகவே உருளும். சைலன்சரோ சேசிஸில் யு கிளாம்ப் போட்டு இரும்போடு இரும்பாக இறுக்கப்பட்டிருக்கும். அசையும் பொருளுக்கும் அசையாத பொருளுக்கும் நடுவில் விறைப்பான குழாய் ஒன்றே இருந்தால், அந்த அசைவு முழுவதும் முதல் வளைவில்தான் வந்து சேரும். அங்கே நீங்கள் எந்த வெல்டிங் வைத்தாலும், அதற்கு ஒரு விரல் தள்ளி அடுத்த விரிசல் திறந்துகொள்ளும். விரிசல் வெல்டிங்கின் நடுவில் வராமல் அதன் ஓரத்தை ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். ஓரத்தில் வந்தால் நான் சொல்வதற்கு அதுவே சாட்சி.

இரண்டாவதாக, வெப்பத்தால் குழாய் நீளும். சாதாரண இரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் 0.012 மி.மீ. நீள்கிறது. 3 மீட்டர் குழாய் 350 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 12 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுக்கிவிட்டால் அந்த 12 மி.மீ. எங்கே போகும்? குழாயை வளைக்கும், இல்லையேல் ஃபிளேஞ்சை இழுக்கும்.

எனவே அமைப்பை இரண்டு பகுதியாக எண்ணிக்கொள்ளுங்கள். முன்பகுதி எஞ்சினோடு சேர்ந்தது. மேனிஃபோல்டு, பிரேக் வால்வு, இறங்கு குழாய், அதன் முதல் வளைவு ஆகிய எல்லாம் எஞ்சினோடு ஒன்றாகவே ஆட வேண்டும். அதற்காக, வளைவுக்குப் பின்னால் ஒரு பிராக்கெட் வைத்து, அதைக் கியர் பாக்ஸ் உறையிலுள்ள போல்ட்டு ஒன்றில் பிடியுங்கள், சேசிஸில் பிடிக்காதீர்கள். அந்தப் பிராக்கெட்டைத் தாண்டியதும் கம்பிப் பின்னல் போட்ட ஃபிளெக்ஸ் குழாய் வர வேண்டும். அதற்குப் பின்னால் உள்ளவை சேசிஸைச் சேர்ந்தவை. அவற்றில் சைலன்சரின் ஒரு முனையை மட்டும் உறுதியாகப் பிடித்து, மற்ற இடங்களிலெல்லாம் ரப்பர் தொங்கல் போட்டு முன்னும் பின்னும் நகர இடம் விடுங்கள். ஃபிளெக்ஸ் குழாய் வளைவதையும் மேல்கீழாக விலகுவதையும் தாங்கும், முறுக்கை மட்டும் தாங்காது. ஆகவே பொருத்தும்போது அதை முறுக்கிப் போல்ட்டு துளையோடு சேர்க்கக் கூடாது.

கோவைப் பொறியாளர் எழுதியது:

மேலே அண்ணன் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். குழாயின் அளவுக்கு மட்டும் கணக்கு ஒன்றைத் தருகிறேன், ஊகத்தால் 4 அங்குலம் போட வேண்டியதில்லை.

697 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 97 மி.மீ., வீச்சு 128 மி.மீ. ஆறு சிலிண்டருக்கும் சேர்த்து 5.675 லிட்டர். நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் இந்த அளவுக் காற்றை இழுக்கும். நிமிடத்துக்கு 2800 சுற்று என்று வைத்துக்கொண்டு, சிலிண்டர் 85 சதவீதம் நிரம்புகிறது என்று கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 6750 லிட்டர் காற்று உள்ளே போகிறது. அது வெளியே வரும்போது முழுச் சுமையில் 500 டிகிரி செல்சியஸ் இருந்தால், விரிந்து சுமார் 17,200 லிட்டராகும். அதாவது நொடிக்கு 287 லிட்டர்.

இந்தப் புகை, 2 மி.மீ. சுவர் கொண்ட இரண்டரை அங்குலக் குழாயில் நொடிக்கு 103 மீட்டர் வேகத்தில் பாயும். 3 அங்குலக் குழாயில் 70 மீட்டர், 4 அங்குலத்தில் 38 மீட்டர். குழாயின் அழுத்த இழப்பு உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் மாறுவதால், இரண்டரை அங்குலத்தை 3 அங்குலமாக்கும்போதே இழப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதற்கு மேல் பெருக்குவதில் கிடைக்கும் இலாபம் இந்த எஞ்சினுக்கு மிகச் சிறியது. ஆனால் எடையும் இடமும் கூடும், டீசல் டேங்கிலிருந்து விலகி நிற்பது கடினமாகும். 3 அங்குலம், அதாவது 76 மி.மீ. வெளிவிட்டம், உங்களுக்குப் போதும்.

எஞ்சினுக்குக் கொஞ்சம் எதிரழுத்தம் (வெளியேறும் புகையைக் குழாய் தடுப்பதால் எழும் அழுத்தம்) தேவை, குழாய் பெரிதானால் இழுவை குறையும் என்று சிலர் சொல்வதுண்டு. டீசல் எஞ்சினுக்கு எதிரழுத்தத்தால் எந்த நன்மையும் இல்லை. பெரிய குழாயை நான் வேண்டாம் என்பது இடத்துக்காகவும் எடைக்காகவும் மட்டுமே. அதேபோல வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு ஆறு தனிக்குழாய்கள் செய்யும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். பெட்ரோல் பந்தயக் காரில் பயன் தரும் அந்த வேலை, சுமை இழுக்கும் டீசலில் விரிசல் விடக்கூடிய இடங்களை மட்டுமே பெருக்கும்.

மலைப்பாதை ஓட்டுநர் எழுதியது:

ஒரு வேண்டுகோள். எக்ஸாஸ்ட் பிரேக்கை மிதிக்கும்போது அந்த வால்வுக்கு மேலே உள்ள இடமெல்லாம் 2, 3 பார் அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். ஃபிளெக்ஸ் குழாயையோ, ஒன்றுக்குள் ஒன்று செருகும் மூட்டையோ தவறியும் மேனிஃபோல்டுக்கும் வால்வுக்கும் நடுவில் வைத்துவிடாதீர்கள். அங்கே புகை கசிந்தால் பிரேக்கின் பிடிப்பு குறையும், அது இறக்கத்தில்தான் தெரியவரும். சுமையோடு இறங்கும்போது அந்தப் பிடிப்பை நம்பித்தான் கியரைத் தேர்ந்தெடுக்கிறோம்.

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வெல்டர் அண்ணன் சொன்னபடி படுத்துப் பார்த்தேன். விரிசல் வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டியே ஓடுகிறது, சைலன்சரின் இரு முனையும் சேசிஸில் இறுக்கமாகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

குழாய்க்காக விசாரித்ததில், தண்ணீருக்குப் போடும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய் எளிதில் கிடைக்கிறது, அதற்கான வளைவுகளும் கிடைக்கின்றன. அதையே பயன்படுத்தலாமா? வளைவுகளைக் குழாயைச் சூடாக்கி மணல் நிரப்பி வளைப்பதா, துண்டு துண்டாக வெட்டி இணைப்பதா?

சங்ககிரி வெல்டர் எழுதியது:

ஜி.ஐ. குழாய் வேண்டவே வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பை உருக்கும் சூடு அதற்கு மிக அதிகம். எழும்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் அன்று மாலையோ இரவோ குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். பட்டறைகளில் இதைப் பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள், அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாத விஷயம் இது. வெல்டிங்கிலும் துளைகள் விழும். அத்தனை தொல்லைப்பட்டும் அந்தப் பூச்சு எஞ்சின் பக்கத்துச் சூட்டில் நிலைக்கப் போவதில்லை.

பூச்சில்லாத கறுப்புத் தண்ணீர்க் குழாயும் எடை மிகுந்தது. கடையில் 65 மி.மீ. என்று விற்கும், 76 மி.மீ. வெளிவிட்டமுள்ள பி கிளாஸ் குழாயின் சுவர் 3.6 மி.மீ., மீட்டருக்குச் சுமார் 6.4 கிலோ. அதே வெளிவிட்டத்தில் 2 மி.மீ. சுவருள்ள ஈ.ஆர்.டபிள்யூ. (தகட்டைச் சுருட்டி நீளவாட்டில் மின்சாரத்தால் இணைத்த) குழாய் மீட்டருக்கு 3.7 கிலோதான். கூடுதல் எடை முழுவதும் தொங்கல்களிலும் ஃபிளேஞ்சிலும்தான் தொங்கும். ஆகவே நேர் ஓட்டங்களுக்கு 2 மி.மீ. குழாயை வாங்குங்கள். இறங்கு குழாயின் முதல் வளைவுக்கு மட்டும், பட் வெல்டிங் செய்வதற்கென்று விற்கும் கனமான நீள் ஆர எல்போ நல்லது. 65 மி.மீ. அளவில் அதன் மையத்திலிருந்து முனைக்கு 95 மி.மீ. வரும்.

மணல் நிரப்பி வளைப்பது பழைய, நல்ல முறை. ஆனால் மணலை முதலில் வாணலியில் வறுத்து ஈரம் துளியும் இல்லாமல் செய்ய வேண்டும். இரு முனையும் அடைத்த குழாயில் ஈர மணலைச் சூடாக்கினால் நீராவி அடைப்பைத் துப்பாக்கிக் குண்டைப் போல் தள்ளிவிடும். 2 மி.மீ. சுவரில், இந்த விட்டத்தில், சுருக்கம் விழாமல் வளைக்கக் கைப்பழக்கம் வேண்டும். பழக்கம் இல்லாதவருக்குத் துண்டு வெட்டி இணைப்பதே பாதுகாப்பானது. ஐந்து துண்டும் நான்கு இணைப்பும் கொண்டு 90 டிகிரி திருப்பினால், ஒவ்வோர் இணைப்பும் 22.5 டிகிரி. ஒவ்வொரு வெட்டும் அதில் பாதி, 11.25 டிகிரி. 76 மி.மீ. குழாயில் நடுத்துண்டின் வெளிப்பக்க நீளத்துக்கும் உட்பக்க நீளத்துக்கும் 30 மி.மீ. வேறுபாடு இருக்கும். காகிதத்தில் வரைந்து குழாயைச் சுற்றி ஒட்டிக் குறித்துக்கொண்டு வெட்டினால் சந்து விழாது. குழாயின் நீளவாட்டு மூட்டு எல்லாத் துண்டிலும் ஒரே கோட்டில் வராதபடி திருப்பி வையுங்கள்.

இனி வெல்டிங். உங்கள் 2 மி.மீ. குழாய்க்கு சி.ஓ.2 இயந்திரமும் 0.8 மி.மீ. கம்பியும் மிகப் பொருத்தம். அது இல்லையென்றால் 2.5 மி.மீ. 6013 ராடு, 60 முதல் 75 ஆம்பியர். ஆர்கான் வெல்டிங் அழகாக இருக்கும், ஆனால் சாதாரண இரும்புக் குழாய்க்கு அது கட்டாயமில்லை, உங்கள் விரிசலை அது மட்டும் நிறுத்தியிருக்காது. முதலில் நான்கு இடங்களில் எதிரெதிராக டேக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) அடித்து, வண்டியிலேயே பொருத்தி, எஞ்சினை ஒருமுறை கையால் நெம்பி ஆட்டிப் பார்த்து, எங்கும் இடிக்கவில்லை என்று தெரிந்த பிறகே கழற்றி மேசையில் வைத்து முழுதாக வெல்டிங் செய்யுங்கள். வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஓட்டும் வெல்டிங்கில், கண்ணுக்குத் தெரியாத மேல்பாதி எப்போதும் அரைகுறையாகவே இருக்கும். ஒரு வெல்டிங் ஓட்டத்தை வளைவின் உட்பக்கத்திலோ வெளிப்பக்கத்திலோ தொடங்கி முடிக்காமல், அழுத்தம் குறைந்த பக்கவாட்டில் தொடங்கி முடிக்கவும். வண்டியில் டேக் அடிக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்பை வெல்டிங் நடக்கும் குழாயிலேயே மாட்டுங்கள். இல்லையேல் ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போகும். டீசல் டேங்க் அருகில் இருப்பதால் அதை இறக்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள், ஈரச் சாக்கு போட்டு மறைப்பது போதாது.

பழைய குழாயில் எதையும் ஒட்டுப்போட்டு மீண்டும் பயன்படுத்த வேண்டாம். கரி ஏறிய இரும்பில் வைக்கும் வெல்டிங் துளை விழுந்து, கடினமாகி உடையும்.

திருச்செங்கோடு லேத் எழுதியது:

ஸ்டெயின்லெஸ் பற்றி யாரும் பேசவில்லை, ஆகவே சொல்கிறேன். கடையில் ஸ்டெயின்லெஸ் என்று கேட்டால் பெரும்பாலும் கைப்பிடிக்கும் கேட்டுக்கும் போடும் 202 வகையைக் கொடுத்துவிடுவார்கள். அது இந்த வேலைக்கு ஏற்றதல்ல. 304 வாங்கினால் துருப்பிடிப்பது வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் அது சாதாரண இரும்பைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு அதிகமாக நீளும். அண்ணன் சொன்ன 12 மி.மீ. அங்கே 18 மி.மீ. ஆகும். இரும்பு ஃபிளேஞ்சோடு இணைக்க 309 எல் கம்பி வேண்டும், குழாயின் உள்ளே ஆர்கான் நிரப்பாவிட்டால் உட்பக்கம் கருகிப் பொரிந்துவிடும். வாகன நிறுவனங்கள் இதற்கு 409 வகையைப் பயன்படுத்துவதன் காரணம், அது இரும்பின் அளவுக்கே நீள்வதும் விலை குறைவாக இருப்பதும். சில்லறையில் 409 குழாய் கிடைப்பது அரிது. தினமும் நீண்ட தூரம் ஓடி நன்றாகச் சூடேறும் லாரிக்கு 2 மி.மீ. இரும்பே போதும் என்பது என் கருத்து. குறைந்த தூரம் ஓடி நிற்கும் வண்டியில்தான் உள்ளே நீர் தேங்கி அரிக்கும். அதற்கும் சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிட்டால் நீர் வடிந்துவிடும். 2020 ஏப்ரல் முதல் வரும் டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். அளவுக்குக் குறைந்துவிட்டதால், பழைய நாள்போல் உள்ளே அமிலம் சேர்வதும் குறைவு.

ஃபிளேஞ்சை 10 மி.மீ. தகட்டில் வெட்டுங்கள். குழாயை அதில் வெல்டிங் செய்யும்போது முகம் கட்டாயம் வளையும். கனமான இன்னொரு தகட்டில் போல்ட்டு போட்டு இறுக்கி வைத்துக்கொண்டு வெல்டிங் செய்து, முழுதாக ஆறிய பிறகே கழற்றவும். பிறகு லேத்தில் ஒரு மெல்லிய வெட்டுப் போட்டு முகத்தைச் சமன் செய்துவிட்டால், பேக்கிங் ஊதிப்போகாது. ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங் வாங்காமல் கிராஃபைட்டும் தகடும் சேர்ந்ததை வாங்குங்கள். பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை ஸ்டட்டு உடையாமல் கழன்று வரும்.

கோவைப் பொறியாளர் எழுதியது:

சைலன்சர் உறைக்குள் கண்ணாடிப் பஞ்சு நிரப்பிய வகையை வாங்க வேண்டாம். ஆறு சிலிண்டர் எஞ்சினின் வெடிப்பு ஒலி 1500 சுற்றில் நொடிக்கு 75 அதிர்வு, 2800 சுற்றில் 140 அதிர்வு. இவ்வளவு தாழ்ந்த ஒலியைப் பஞ்சு அதிகம் உறிஞ்சுவதில்லை, டீசல் கரி அதை விரைவில் அடைத்தும் விடும். விரிவறைகள் கொண்ட பழைய பாணி லாரி சைலன்சரே சரி. 400 டிகிரிப் புகையில் ஒலி நொடிக்குச் சுமார் 520 மீட்டர் செல்வதால், 900 மி.மீ. நீளமுள்ள அறை அந்த 140 அதிர்வை ஒட்டித்தான் நன்றாக அடக்கும். நீளத்தைக் குறைத்தால் ஐட்லிங் உறுமல் வெளியே வரும்.

இடம் குறித்து மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 தெளிவாக இருக்கின்றன. விதி 112-இன்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ வெளியேறக் கூடாது, பின்பக்கமோ வலப்பக்கமோதான் போக வேண்டும். விதி 113 எரிபொருள் குழாயிலிருந்து 35 மி.மீ. தொலைவுக்குள் புகைக்குழாய் வரக் கூடாது என்கிறது. விதி 120 சைலன்சரைக் கட்டாயமாக்குகிறது. 35 மி.மீ. என்பது சட்டத்தின் குறைந்தபட்சம் மட்டுமே. உங்கள் புதிய டேங்குக்கு 150 மி.மீ. இடைவெளியும் நடுவே ஒரு தகட்டு மறைப்பும் வையுங்கள். குழாயில் வெப்பத்துணி சுற்றுவதைவிட இது மேலானது, ஏனெனில் அந்தத் துணி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும்.

தொங்கல் பிராக்கெட்டுகளைச் சேசிஸில் வெல்டிங் செய்ய வேண்டாம். சேசிஸ் சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் துளையும் போட வேண்டாம். நடுச் சுவரில் ஏற்கெனவே உள்ள துளைகளில் போல்ட்டு போட்டுப் பிடியுங்கள்.

கடைசியாக, பிரேக் வால்வுக்குப் பின்னால் குழாயில் ஒரு சிறிய நட்டை வெல்டிங் செய்து போல்ட்டால் மூடி வையுங்கள். அதில் செம்புக் குழாய் ஒன்றை மாட்டி, அதன் நுனியில் கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் வளைத்துத் தண்ணீர் ஊற்றினால், எதிரழுத்தத்தை நீங்களே அளக்கலாம். பழைய டீசல் எஞ்சின்களுக்குப் பல தயாரிப்பாளர்கள் வைத்த வரம்பு 3 அங்குலப் பாதரசம், அதாவது சுமார் 10 கிலோபாஸ்கல். தண்ணீரில் அது ஒரு மீட்டர் உயர வேறுபாடு. வால்வுக்கு முன்னால் அந்த நட்டை வைத்துவிடாதீர்கள். பிரேக்கை மிதித்தவுடன் தண்ணீர் முழுவதும் வெளியே பறக்கும்.

கொல்லிமலை அடிவாரம் எழுதியது:

வேலை முடிந்தது. எல்போ, கியர் பாக்ஸ் பிராக்கெட், ஃபிளெக்ஸ், 900 மி.மீ. சைலன்சர், வலப்பக்கம் பின்னோக்கி வெளியேறும் வால் குழாய் என்று சொன்ன வரிசையிலேயே பொருத்தியிருக்கிறோம். ஃபிளேஞ்சு முகத்தை லேத்தில் சமன் செய்தோம். எஞ்சினை நிறுத்தும்போது ஃபிளெக்ஸ் குழாய் துள்ளுவதும் அதற்குப் பின்னால் உள்ள குழாய் அசையாமல் நிற்பதும் கண்ணுக்கே தெரிகிறது. வண்டியை நிறுத்தி வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்து அளந்தபோது தண்ணீர் 38 செ.மீ. வேறுபாடு காட்டியது. சுமையோடு மலை ஏறும்போது குழாயைக் கேபினுக்குள் இழுத்து அளப்பது கடினமாக இருக்கிறது. நிறுத்தி எடுத்த இந்த அளவை நம்பலாமா?

கோவைப் பொறியாளர் எழுதியது:

அப்படியே நம்பக் கூடாது, ஆனால் திருத்திக்கொள்ளலாம். டீசல் எஞ்சின் காற்றை அடைத்து இழுப்பதில்லை என்பதால், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வேகத்தில் ஏறத்தாழ ஒரே எடைக் காற்றுதான் போகிறது. மாறுவது புகையின் வெப்பம் மட்டுமே. ஒரே எடைப் புகைக்கு அழுத்த இழப்பு அதன் கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சுமையின்றி 200 டிகிரி செல்சியஸ், அதாவது 473 கெல்வின் என்றும், முழுச் சுமையில் 773 கெல்வின் என்றும் கொண்டால், உங்கள் 38 செ.மீ. சுமார் 62 செ.மீ. ஆகும். சுமையின்றி எஞ்சின் சற்று அதிக வேகத்தில் சுழலும் என்பதால் உண்மை அளவு இதற்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கும். ஒரு மீட்டர் வரம்புக்குள் வசதியாக நிற்கிறீர்கள்.

சங்ககிரி வெல்டர் எழுதியது:

முதல் சில நடைகளுக்குப் பிறகு, குழாய் முழுதாக ஆறிய நிலையில் ஃபிளேஞ்சு நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள் தம்பி. புதிய பேக்கிங் சூட்டில் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்படியே ஒவ்வொரு ரப்பர் தொங்கலும் நேராகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள். ஏதாவது ஒன்று குளிர்ந்த நிலையிலேயே முன்னோக்கிச் சாய்ந்து இழுபட்டிருந்தால், அந்தப் பிராக்கெட்டை மட்டும் தளர்த்தி நகர்த்திப் பிடியுங்கள்.